கடைசி எபிசோடில் எனக்கு வசனம் இல்லை

மரோல், இரண்டாவது மாடி.
முட்டை அட்டை ஒட்டிய அறையில்
ஒன்பது எபிசோடாக நான்தான் ஷர்வரி.
புனேயில் பல் டாக்டர், வயது நாற்பத்து மூன்று, தனியாள்.
அவள் இந்தியில் உதடசைப்பாள்
நான் தமிழில் ஏமாறுவேன்.
கால்ஷீட்டுக்கு ஆயிரத்து எண்ணூறு,
செக் வர தொண்ணூறு நாள்.

ஏமாற்றுகிறவனுக்குக் குரல் முலுண்ட் ரங்கதுரை.
சர்க்கரைக்காரர், இரண்டு பெண்கள் கல்லூரியில்.
எனக்கு முந்தைய கால்ஷீட் அவருடையது.
ஹெட்போனில் என்னை உருகி உருகிக் காதலித்துவிட்டு
படிக்கட்டில் எதிர்ப்பட்டால்
"தப்பா எடுத்துக்காதீங்க மேடம்" என்பார்.
பத்தாயிரம் கேட்ட அன்றும் சொன்னார்
பத்து லட்சம் கேட்ட அன்றும் சொன்னார்.

இந்தியில் போன மாதமே வந்துவிட்டது.
முடிவை மட்டும் பார்க்காமல் வைத்திருந்தேன்.
இன்று பார்த்தேன்.
தாளில் எனக்கு:
பெருமூச்சு நான்கு, விசும்பல் ஒன்று, ஹலோ ஒன்று.

அவன் ஏதோ விமான நிலையத்தில்
புது சிம் அட்டையைப் பல்லால் பிரிக்கிறான்.
எதிர் மேஜையில் ஒருத்தி
காப்பி ஆறுவதையே பார்த்திருக்கிறாள்.
சிரிக்கிறான். படம் உறைகிறது.
பெயர்கள் ஓடுகின்றன.

"அவ்வளவுதானா?"
"சீசன் டூ வரும் மேடம்" என்றான் பரேஷ், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து.
"அதில் இவள்?"
"புது ஹீரோயினாத்தான் இருக்கும்."

பணம் வந்ததா, கேட்கக்கூடாது.
தம்பியிடம் சொன்னாளா,
க்ளினிக்கை வைத்து வாங்கிய கடன் என்ன ஆச்சு,
கேட்கக்கூடாது. எனக்கு மூச்சுக்குத்தான் சம்பளம்.

மூன்று வருடம் முன்னால்
எனக்கும் ஒருவன் இருந்தான்.
ஆல்வின் தேவசகாயம், சொந்த ஊர் நாசரேத்,
ராட்டர்டாமில் கப்பல் எஞ்சினியர்.
ஒருமுறைகூடப் பேசியதில்லை.
கடலில் சிக்னல் கிடையாதாம், எழுதினான்.
மதியம் 'சாப்டியா'
ராத்திரி பதினொன்றுக்கு 'தூங்கிட்டியா'.
இருபத்தைந்து வருடமாகக் குரலில் சோறு தின்பவள்
குரலே இல்லாத ஒருவனுக்கு
இரண்டு லட்சத்து எண்பதாயிரம் அனுப்பினேன்.
சுங்கத்தில் மாட்டிய பெட்டிக்கு.
என் பேருக்கு வந்த பெட்டி.

சைபர் பிரிவில், பேனா மூடியைக் கடித்தபடி
ஒரு பெண் கான்ஸ்டபிள் கேட்டாள்:
குரல் எப்படி, கேட்டால் அடையாளம் தெரியுமா?
தெரியும் என்று வாயெடுத்துவிட்டேன்.
லேசான கரகரப்பு,
வாக்கியம் முடிகிற இடத்தில் ஒரு இறக்கம்,
'ழ' சுத்தம்,
சிரிப்பதற்கு முன் மூக்கில் ஒரு சின்ன மூச்சு.
அப்புறம்தான் உறைத்தது.
பதினான்கு மாதம், சம்பளமில்லாமல்,
ஆல்வினுக்கும் டப்பிங் நான்தான்.
"குரல் இல்லை" என்றேன்.
அவள் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனாள்.

மூன்றாவது பெருமூச்சுக்கு பரேஷ் கையைத் தூக்கினான்.
"ஜாஸ்தி மேடம். அவளுக்கு இன்னும் கோபம் வரலை."
குறைத்துக் கொடுத்தேன்.
விசும்பல் ஒரே டேக்.
ஹலோதான் நிற்கவில்லை.
புது நம்பரிலிருந்து அழைப்பு, அவள் எடுக்கிறாள்,
எடுத்தவுடன் காட்சி மாறிவிடுகிறது.
"யாருன்னு தெரிஞ்ச ஹலோவா, தெரியாத ஹலோவா?"
பரேஷ் தாளைத் திருப்பிப் பார்த்தான்.
"எழுதலை."
ஏழு டேக். ஸ்டூடியோ நேரம் முடிந்தது.
நாளைக்கு வந்து கொடுங்கள் என்றான்.

காட்கோபர் மெட்ரோவில் பக்கத்து ஸீட் பெண்
போனில் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்,
காதில் இயர்பட்ஸ். ஆறாவது எபிசோட்.
ஷர்வரி புடவை வாங்கும் இடம், அவன் வரப்போகிறானென்று.
சத்தமில்லாமல் அசையும் அந்த வாய்க்கு
என் உதடு தானாகப் போய்ச் சேர்ந்துகொண்டது.
அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள்.
கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

ஐந்தாம் தேதி. இறங்குவதற்குள்
பாங்கிலிருந்து மெசேஜ் வந்துவிட்டது:
தவணை பிடித்தாயிற்று, பாக்கி பதினொன்று.